ஈரத் துணியின் நியாயம்

அம்பாசடர் காலத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சித்திரை வெயிலில் நிறுத்திய வண்டி மறுபடி கிளம்ப மறுத்தால், பானெட்டைத் திறந்து பெட்ரோல் பம்பின் மேல் ஈரத் துணியைப் போடுவார்கள். இதை வெறும் கைப்பழக்கம் என்று ஒதுக்குவது சரியல்ல. கோளாறு எங்கே என்று கருவி இல்லாமலே கண்டறிந்த சோதனை அது.

1950-களின் கடைசியில் தொடங்கி 2014 வரை உற்பத்தியான கார் அம்பாசடர். அதன் பழைய பெட்ரோல் எஞ்சினில் கார்புரேட்டரும் சூடான புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கம். ஓடும்போது விசிறியும் ரேடியேட்டர் தண்ணீரும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்தியதும் இரண்டும் ஓய்ந்துவிட, இரும்பில் தேங்கிய சூடு மேலே ஏறும். பெட்ரோலின் இலேசான பகுதி 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பம்பில் ஆவி நிறைந்தால், உள்ளே இருக்கும் டயாபிரம் அந்த ஆவியைத்தான் அமுக்கும், பெட்ரோல் நகராது. பட்டறையில் இதற்கு ஏர் லாக் என்று பேர். காரைக்குடிப் பக்கம் இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி என்று நகரத்தாரின் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் சுற்றும் வண்டிக்கு இந்தத் தொல்லை அதிகம். கொஞ்ச தூரம் ஓடி, தரிசனத்துக்கு இருபது நிமிடம் நின்று, சூடு உச்சத்தில் இருக்கும்போதே அது கிளம்பியாக வேண்டும்.

அரை மணி காத்திருந்தால் தானாகவே ஆறிவிடுமே, துணி எதற்கு என்று கேட்கலாம். ஆறும்தான். ஆனால் எல்லாமே சேர்ந்து ஆறிவிட்டால் எது கெட்டது என்று தெரியாது. பம்பை மட்டும் குளிர வைத்து வண்டி கிளம்பினால் குற்றம் பம்பில் என்று உறுதி. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துக் கிளம்பினால், கார்புரேட்டரில் பெட்ரோல் பொங்கி வழிந்திருக்கிறது. சூட்டுக் கோளாறெல்லாம் பெட்ரோலால்தானா, இக்னிஷன் காயிலும் பேட்டரியும் கெடாதா என்பது அடுத்த கேள்வி. கெடும். அதையும் காதாலேயே பிரித்தார்கள்: செல்ஃப் முனகினால் கரண்ட் போதவில்லை, செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியும் எஞ்சின் பிடிக்காவிட்டால் பெட்ரோலையோ காயிலையோ பார்க்க வேண்டும்.

பின்னால் வந்த மாற்றங்களும் அவர்கள் பக்கமே சாட்சி சொல்கின்றன. எளிதில் ஆவியாகாத டீசல் வண்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. பம்ப் டேங்குக்குள் போய், அழுத்தத்தோடு பெட்ரோலை அனுப்பும் இன்ஜெக்‌ஷன் வந்ததும் பெட்ரோல் கார்களிலும் அது பெரும்பாலும் மறைந்தது. ஈரத் துணி சுட்டிக்காட்டிய இடத்தில்தான் பொறியாளர்களும் கை வைத்திருக்கிறார்கள். இன்று சூட்டில் கிளம்பாத காரில் முதலில் பார்ப்பது பேட்டரியை. வெயில் அதன் ஆயுளைக் குறைக்கும். பேட்டரியை ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1948-ல் அடிக்கல் நாட்டிக் காரைக்குடியிலேயே எழுந்தது. அங்கே கருவிகள் செய்யும் சோதனைக்கு இருக்கும் மதிப்பில் ஒரு பங்காவது, சாலையோரத்தில் துணியும் தண்ணீரும் செய்த சோதனைக்கும் உண்டு.