அச்சுத் தாளை வெட்டும் முறைகள்: கில்லட்டினிலிருந்து சுழல் வெட்டு வரை

அச்சிட்ட தாள் வெட்டப்பட்ட பிறகே பண்டமாகிறது. தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டி, நாட்காட்டி அட்டை, புடவைப் பெட்டி, மருந்துக் குப்பியில் ஒட்டும் சீட்டு என எதுவானாலும் அச்சுக்குப் பின் வெட்டும் வேலை உண்டு. அச்சுக்கலை வரலாற்று நூல்கள் எழுத்துருக்களைப் பற்றியும் அச்செந்திரங்களைப் பற்றியும் விரிவாகப் பேசுகின்றன. வெட்டும் எந்திரங்களுக்கு அவற்றில் சில வரிகளே கிடைக்கின்றன.

வணிக அச்சில் வெட்டும் முறைகள் மூன்று. தாள் கட்டை ஒரே கத்தியால் நேர்கோட்டில் வெட்டுவது முதல் முறை. இதற்கான எந்திரம் கில்லட்டின். தட்டையான பலகையில் கத்திகளைப் பதித்து, அழுத்தி, வேண்டிய உருவத்தை வெட்டுவது இரண்டாவது முறை. அப்பலகையை டை என்றும், வேலையைப் பஞ்சிங் அல்லது கட்டிங்-கிரீசிங் என்றும் அச்சகங்களில் அழைப்பர். சுழலும் உருளையின் மேலுள்ள கத்தி விளிம்புகளால் ஓடும் தாளை நிறுத்தாமல் வெட்டுவது மூன்றாவது முறை. இதுவே சுழல் வெட்டு.

இம்மூன்றும் தமிழ்நாட்டில் எவ்வாறு இடம்பெற்றன என்பதற்குச் சிவகாசி நல்ல சான்று. ஒரு முறையிலிருந்து அடுத்த முறைக்கு மாறும்போதெல்லாம், தொழிலாளியின் திறமை வெட்டும் நேரத்திலிருந்து வெட்டுவதற்கு முந்தைய ஆயத்த நேரத்துக்கு நகர்ந்திருக்கிறது. இந்த வரலாற்றின் மையக் கருத்து இதுவே.

நேர் வெட்டு: கில்லட்டின்

பிரான்சைச் சேர்ந்த கியோம் மாசிகோ 1844இல் தாள் வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1855இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரௌசே தொடங்கிய நிறுவனம் இவ்வகை எந்திரங்களைப் பெருமளவில் செய்தது. அதற்கு முன் புத்தகக் கட்டுநர்கள் தாள் கட்டை இடுக்கியில் இறுக்கி, கைக்கத்தியால் இழுத்து இழுத்து விளிம்பைச் சீராக்கினார்கள்.

சிவகாசியின் தொழில் வரலாறு தீப்பெட்டியில் தொடங்குகிறது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றனர். 1923இல் சிவகாசியில் தொழிற்சாலை தொடங்கினர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். பின்னர் வளர்ந்த பட்டாசுத் தொழிலுக்கும் வண்ண லேபிள் வேண்டும். இந்தத் தேவையே ஊரில் அச்சகங்களை உருவாக்கியது. முதலில் வந்தது கல்லச்சு எனப்படும் லித்தோ முறை. பிற்காலத்தில் ஆஃப்செட் முறைக்கு மாறிய பின்னும் பல அச்சகங்களின் பெயர்களில் ‘லித்தோ’ என்ற சொல் இருப்பது அக்காலத்தின் எச்சம்.

அக்காலத் தீப்பெட்டி மெல்லிய மரச்சீவலால் ஆனது. லேபிள் அதன்மேல் ஒட்டும் செவ்வகத் தாள் மட்டுமே. ஒரு பெரிய தாளில் குறுக்கே 8, நெடுக்கே 10 என 80 லேபிள்கள் அச்சிடப்படுவதாகக் கொள்வோம். அத்தகைய 500 தாள்களை அடுக்கிக் கில்லட்டினில் வெட்டினால் 40,000 லேபிள்கள் கிடைக்கும். எல்லாம் நேர்கோடுகள் என்பதால் கில்லட்டினே போதுமானதாக இருந்தது. தாள் கட்டைத் தட்டி ஒழுங்குபடுத்துவதும், அச்சுக் குறியைப் பார்த்துக் கத்தியை இறக்குவதும் வெட்டுபவரின் கைத்திறன். ஒரு மில்லிமீட்டர் பிசகினால் அந்த அடுக்கு முழுவதும் வீணாகும்.

உருவ வெட்டு: தட்டை டை

அட்டைப்பெட்டிக்கு நேர் வெட்டு போதாது. மடிப்பு, காது, சொருகும் நாக்கு ஆகியவற்றோடு ஓர் உருவத்தை வெட்ட வேண்டும். இதற்கு வழிகாட்டியவர் நியூயார்க்கில் தாள் பை செய்துவந்த ராபர்ட் கேர். 1879இல் அவருடைய பட்டறையில் விதைப் பைகள் அச்சாகும்போது, மடிப்புக்கோடு பதிப்பதற்காக வைத்த உலோகப் பட்டை இடம் பிசகிப் பைகளை வெட்டிவிட்டது. பட்டையின் உயரத்தைக் கூட்டினால் வெட்டும், குறைத்தால் மடிப்புக்கோடு விழும் என்பதை அந்த விபத்திலிருந்து அவர் கண்டுகொண்டார். இரண்டையும் ஒரே டையில் சேர்த்ததால், ஒரே அழுத்தத்தில் பெட்டிக்கான அட்டை தயாராயிற்று. பிற்காலத்தில் சுவிட்சர்லாந்தின் போப்ஸ்ட் நிறுவனம் 1940இல் கொண்டுவந்த ஆட்டோபிளாட்டன் எந்திரம், தாளைத் தானே எடுத்து வெட்டும் முறையை நிலைநிறுத்தியது.

தட்டை டை செய்வது தச்சும் கொல்லும் சேர்ந்த வேலை. பொதுவாக 18 மி.மீ. தடிமனுள்ள ஒட்டுப்பலகையில் பெட்டியின் வரைபடத்தை ஒற்றி, கோடுகளின் வழியே ரம்பத்தால் அறுத்து, அந்தப் பிளவுகளில் எஃகுப் பட்டைகளை வளைத்துச் செருக வேண்டும். வெட்டும் பட்டையின் உயரம் சுமார் 23.8 மி.மீ. மடிப்புக்கோட்டுப் பட்டை அதைவிடச் சற்றுக் குட்டை. வெட்டிய அட்டை கத்தியில் சிக்காதிருக்கப் பட்டைகளின் இருபுறமும் ரப்பர்த் துண்டுகளை ஒட்டுவர். இப்போது பலகையை லேசரால் அறுக்கிறார்கள். மற்றபடி அமைப்பு பழையதே.

சிவகாசியில் இம்முறை பரவலானதற்குத் தீப்பெட்டியின் மாற்றமும் ஒரு காரணம். மரச்சீவல் பெட்டி போய் அட்டைப்பெட்டி வந்தபோது, தனி லேபிளுக்கு வேலையில்லாமல் போயிற்று. மேல்பெட்டியே அச்சிட்ட அட்டையாயிற்று. லேபிளை நேராக வெட்டிக் கொடுத்த அச்சகம், இப்போது மடிப்புக்கோடுகளோடு பெட்டியின் உருவத்தையே வெட்டிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பட்டாசுப் பெட்டிகளும், தெய்வ உருவத்தின் விளிம்பை ஒட்டி வெட்டிய நாட்காட்டி அட்டைகளும் இவ்வேலையைப் பெருக்கின. எழுத்தச்சுக்குப் பயன்பட்ட பழைய பிளேட்டன் எந்திரங்கள் பல, எழுத்து அச்சு வழக்கொழிந்த பின் டை வெட்டும் எந்திரங்களாக மறுவாழ்வு பெற்றன.

சுழல் வெட்டு தோன்றிய வகை

சுழல் வெட்டின் முதல் வீடு செய்தித்தாள் அச்சகம். அமெரிக்கரான வில்லியம் புல்லக் 1863இல் காப்புரிமை பெற்ற எந்திரம், தாள் சுருளைத் தானே இழுத்து, இருபுறமும் அச்சிட்டு, வெட்டியும் தந்தது. ஓடும் தாளை நிறுத்தாமல் வெட்ட வேண்டுமானால் கத்தியும் தாளின் வேகத்திலேயே சுழல வேண்டும். இன்றைய நாளிதழின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் உற்றுப் பார்த்தால் ரம்பப்பல் போன்ற சிறு வெட்டுகள் தெரியும். உருளையில் பொருத்திய பல்கத்தி விட்டுச்சென்ற தடம் அது. இந்த எந்திரத்தின் விலை அதைச் செய்தவரின் உயிராகவும் இருந்தது. 1867இல் தம் எந்திரம் ஒன்றைச் சரிசெய்யும்போது கால் சிக்கி நசுங்கியதன் விளைவாகப் புல்லக் இறந்தார்.

உருவம் வெட்டும் சுழல் முறை லேபிள் தொழிலோடு வளர்ந்தது. 1935இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஸ்டான்டன் ஏவரி, பின்புறம் பசை பூசிய, உரித்து ஒட்டும் லேபிளை வணிகப் பொருளாக்கினார். பின்தாள், பசை, மேல்தாள் என மூன்று அடுக்கு கொண்ட சுருளில் மேல்தாளையும் பசையையும் மட்டும் வெட்டி, பின்தாளை வெட்டாமல் விட வேண்டும். ஸ்டிக்கர் பொட்டை உரிக்கும்போது பொட்டு மட்டும் வந்து அட்டை கிழியாமல் இருப்பதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

சுழல் வெட்டில் அழுத்தம் குறைவாகவே தேவைப்படுகிறது. தட்டை டையில் எல்லாக் கத்திகளும் ஒரே நொடியில் தாளைத் தொடுகின்றன. ஆகவே கத்தியின் மொத்த நீளத்துக்கு ஏற்ற விசை வேண்டும். இரண்டு உருளைகள் ஒன்றையொன்று தொடுவது ஒரு கோட்டில் மட்டுமே. அந்தக் கோட்டில் உள்ள கத்திக்கு மட்டும் விசை கொடுத்தால் போதும். மேலும் கீழும் போய்வரும் இயக்கம் இல்லாததால் வேகமும் கூடுகிறது.

சுழல் வெட்டு எந்திரத்தை அமைத்தல்

இதில் இரண்டு முக்கிய உருளைகள் உண்டு. கத்தி விளிம்புள்ளது டை உருளை. அதன் கீழ் வழவழப்பாகச் சுழல்வது பட்டடை உருளை. கொல்லன் பட்டடை சம்மட்டி அடியைத் தாங்குவதுபோல் இது கத்தியின் அழுத்தத்தைத் தாங்குகிறது. டை இரண்டு வகை. உருளையையே கடைந்து கத்தி விளிம்பு உண்டாக்குவது ஒன்று. விலை அதிகம், நெடுநாள் உழைக்கும். காந்த உருளையின்மேல் மெல்லிய எஃகுத் தகட்டைச் சுற்றிப் பொருத்துவது மற்றொன்று; விலை குறைவு, மாற்றுவதும் எளிது.

முதலில் கணக்கு. டை உருளையின் ஒரு சுற்று நீளம் அதன் பற்சக்கரத்தைப் பொறுத்தது. பல லேபிள் எந்திரங்களில் ஒரு பல்லுக்கு எட்டில் ஒரு அங்குலம், அதாவது 3.175 மி.மீ. சக்கரத்தில் 96 பற்கள் இருந்தால் சுற்று நீளம் 96 × 3.175 = 304.8 மி.மீ. 47.6 மி.மீ. நீளமுள்ள லேபிளுக்கு 3.2 மி.மீ. இடைவெளி விட்டால் ஒன்றுக்கு 50.8 மி.மீ. ஆகும், 304.8ஐ 50.8ஆல் வகுத்தால் சரியாக 6. ஒரு சுற்றுக்கு ஆறு லேபிள்கள். இவ்வாறு மீதியின்றி வகுபடாவிட்டால் இடைவெளியை மாற்ற வேண்டும், அல்லது வேறு பற்களுள்ள உருளையைத் தேட வேண்டும்.

அடுத்தது சுத்தம். உருளைகளிலும், அவற்றின் இரு ஓரங்களில் உள்ள தாங்கு வளையங்களிலும் தூசியோ உலர்ந்த பசையோ இருக்கக் கூடாது. டை உருளையின் வளையம் பட்டடை உருளையின்மேல் உட்கார்ந்து ஓடுவதால்தான் கத்திக்கும் பட்டடைக்கும் இடையிலான இடைவெளி மாறாமல் இருக்கிறது. வளையத்தில் சிறு துணுக்கு ஒட்டினாலும் ஒருபுறம் வெட்டும், மறுபுறம் வெட்டாது.

பிறகு அழுத்தம். இருபுறத் திருகுகளையும் சமமாக, குறைந்த அழுத்தத்திலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். வெட்டு விழவில்லை என்றதும் ஒரே முறுக்காகத் திருகுவது புதியவர்கள் செய்யும் பிழை. கத்தி விளிம்பு மழுங்கிவிடும், பட்டடையில் தடம் விழும். கண்ணாடித்தாள் வகைப் பின்தாளின் தடிமன் சுமார் 50 முதல் 60 மைக்ரான். அதாவது ஏறத்தாழ ஒரு தலைமுடி. அதன் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் கத்தி நிற்க வேண்டும். சோதிப்பதற்கு லேபிளை உரித்துவிட்டுப் பின்தாளில் மையைத் தடவிப் பார்ப்பர். மை உள்ளிறங்கிக் கோடு தெரிந்தால் பின்தாள் வெட்டுப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கடைசியாக, லேபிள்களைச் சுற்றியுள்ள வலைபோன்ற கழிவை அறுபடாமல் உரித்துச் சுருட்ட வேண்டும். இடைவெளி மிகக் குறுகினால் இந்த வலை அறுந்து ஓட்டம் நின்றுவிடும். இந்த ஆயத்தத்தை அச்சகங்களில் மேக்ரெடி என்பார்கள். ஓடத் தொடங்கிய பின் தொழிலாளிக்குக் கண்காணிப்பே வேலை. அவர் அறிவெல்லாம் ஓடுவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது.

தறியிலிருந்து ஓர் ஒப்புமை

நெசவு ஊரான காஞ்சிபுரத்தில் இதே மாற்றம் வேறு உருவில் நிகழ்ந்தது. ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன், சேலையின் உருக்களை நூல்களைக் கட்டிவைக்கும் அடை முறையில் நெய்தனர். நெசவாளிக்கு உதவியாள் வேண்டியிருந்தது. ஜக்கார்டில் உருவம் முன்னதாகவே அட்டைகளில் துளைகளாக வெட்டப்படுகிறது. துளை உள்ள இடத்தில் ஊசி நுழைந்து இழை உயரும். இல்லாத இடத்தில் உயராது. வரைபடத்தைப் பார்த்துத் துளையிடுபவர் ஒரு துளையைத் தவறினால், அந்தப் பிழை அட்டை சுற்றிவரும்போதெல்லாம் சேலையில் திரும்பத் திரும்ப வரும். சுழல் வெட்டின் டையும் அப்படியே. கத்தியில் உள்ள ஒரு பழுது ஒவ்வொரு சுற்றிலும் மீண்டும் வரும்.

சுழல் வெட்டு ஏன் எங்கும் பரவவில்லை

வேகமான முறை மெதுவான முறையை முழுவதும் வெளியேற்றிவிடும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. சிவகாசியில் அப்படி நடக்கவில்லை. சுழல் டை ஒரே அளவுக்கு, ஒரே உருவத்துக்கு உரியது. லட்சக்கணக்கில் ஒரே லேபிள் ஓடினால்தான் அதன் விலை ஈடாகும். நாட்காட்டித் தொழிலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. ஆடிப்பெருக்கையொட்டி மாதிரி ஆல்பங்கள் வெளிவரும். அதன்பின் நகைக்கடை, மளிகைக்கடை, பட்டுக்கடை எனச் சிறு சிறு எண்ணிக்கையில் ஆர்டர்கள் வரும். காஞ்சிபுரம் புடவைக் கடைகளுக்கான அட்டைப்பெட்டியும் கடைக்குக் கடை அளவும் வடிவும் மாறுவது. இத்தகைய வேலைக்குப் பலகையில் செய்த தட்டை டையே சிக்கனம். மருந்து, எண்ணெய், குளிர்பானம் போன்றவற்றின் லேபிள்களுக்கும், பேரளவில் ஓடும் நெளிவட்டைப் பெட்டிகளுக்கும் சுழல் வெட்டு பொருந்துகிறது.

தொழிலாளர் பாதுகாப்பிலும் இம்மூன்று முறைகளும் வேறுபடுகின்றன. கையால் தாள் வைத்து எடுக்கும் பிளேட்டன் எந்திரத்தில், ஒவ்வொரு தாளுக்கும் ஒருமுறை விரல்கள் ஆபத்தான இடத்துக்குள் சென்று வருகின்றன. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆவது பிரிவு எந்திரங்களுக்குத் தடுப்பு அமைப்பதைக் கட்டாயமாக்கியது. ஆபத்தான எந்திரங்களில் முழுப் பயிற்சியோ மேற்பார்வையோ இல்லாமல் இளம் வயதினரை அமர்த்தக் கூடாது என்றது 23ஆவது பிரிவு. இச்சட்டத்தையொட்டிய மாதிரி விதிகளில் கில்லட்டினும் பிளேட்டன் அச்செந்திரமும் அவ்வகை எந்திரங்களாகப் பெயர் குறித்தே சொல்லப்பட்டிருந்தன. கில்லட்டினில் இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் கத்தி இறங்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. சுழல் வெட்டில் ஓட்டத்தின்போது கை உள்ளே போகத் தேவையில்லை. ஆனால் உருளையைத் துடைக்கும்போதும் கழிவை எடுக்கும்போதும் எந்திரத்தை நிறுத்தாவிட்டால், புல்லக்குக்கு நேர்ந்தது எவருக்கும் நேரலாம்.

கற்கும் வழி

டை செய்வதும் மேக்ரெடியும் நெடுங்காலம் அச்சகத்தில் மூத்தவரிடமிருந்து இளையவர் பார்த்துக் கற்ற தொழிலாகவே இருந்தன. இன்று சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியிலும், தரமணியில் உள்ள அச்சுத் தொழில்நுட்பப் பயிலகத்திலும், சிவகாசியிலும் அச்சுத் தொழில்நுட்பம் பாடமாக உள்ளது. பற்சக்கரக் கணக்கையும் பின்தாளின் தடிமனையும் வகுப்பில் சொல்லித்தர முடியும். திருகை எந்த அளவில் நிறுத்துவது என்பதை எந்திரத்தின் அருகே நின்றே கற்க வேண்டியிருக்கிறது. பட்டறையில் இந்த அறிவை வைத்திருப்போர் அதைத் தமிழில் எழுதி வைத்தால், அடுத்த தலைமுறை மாணவர்களுக்கு அது பாடநூலாகும்.