மலையும் மூடுபனியும் வளர்த்த திராட்சை

நிலத்தின் இயல்பே விளைவின் இயல்பு என்பது தமிழர் நன்கறிந்த உண்மை. குறிஞ்சி என்றும் நெய்தல் என்றும் நிலத்தைப் பகுத்து, ஒவ்வொன்றின் பூவையும் உணவையும் தொழிலையும் வேறுபடுத்திக் காட்டியவர் நம் முன்னோர். குறிஞ்சியும் நெய்தலும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் ஓரிடத்தில் திராட்சை எத்தகைய சுவை பெறும்? அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சான்டா குருஸ் மலைத்தொடரின் வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

இம்மலைகளுக்கு மேற்கே பசிபிக் பெருங்கடல். அதன் கரையோர நீரோட்டம் குளிர்ந்தது. அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று கோடையில் மூடுபனியாகத் திரண்டு பள்ளத்தாக்குகளை நிறைக்கிறது. பனிக்கு மேலுள்ள சரிவுகளோ கதிரவன் ஒளியைத் தடையின்றிப் பெறுகின்றன. இரவில் குளிர்காற்று கனமுடையதாதலின் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே சரிவுகளில் கடுங்குளிர் தங்குவதில்லை. பகலில் கடற்காற்று வெம்மையைத் தணிக்கிறது. இதனால் பழம் மெல்லக் கனிகிறது. இனிப்பு ஏறினும் புளிப்பு குன்றுவதில்லை. மண் ஆழமற்றது, காய்ப்புக் குறைவு, பழம் சிறிது, ஆயினும் சாறு செறிவுடையது. அத்தகைய சாற்றில் உருவாகும் மதுவே நெடுங்காலம் முதிரும் ஆற்றல் பெறுகிறது.

1885ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகர மருத்துவர் ஓசியா பெரோன், மான்டே பெல்லோ முகட்டில் 180 ஏக்கர் நிலம் வாங்கித் திராட்சை பயிரிட்டார். பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலிருந்து வந்த பால் மாசோன், 1896இல் சாரடோகா ஊருக்கு மேலுள்ள குன்றில் தோட்டம் அமைத்தார். பின்னர் 1920 முதல் 1933 வரை நாடெங்கும் மதுவிலக்கு நிலவியது. பல தோட்டங்கள் பாழடைந்தன. விலக்கு நீங்கிய பின்னும், குறைந்த விளைச்சலுக்காகச் செங்குத்தான சரிவில் பாடுபட முன்வந்தோர் சிலரே. 1936இல் மாசோனின் தோட்டத்தை வாங்கிய மார்ட்டின் ரே அவர்களுள் ஒருவர். 1940களில் மான்டே பெல்லோவில் கேபர்னே கொடிகள் மீண்டும் நடப்பெற்றன. 1959இல் டேவிட் பென்னியன் முதலிய ஆராய்ச்சியாளர் சிலர் அத்தோட்டத்தை வாங்கி, ஓய்வு நாட்களில் மது வடித்தனர். அதுவே ‘ரிட்ஜ்’ எனும் நிறுவனமாயிற்று.

1976இல் பாரிசு நகரில் நடந்த ஒப்பீட்டுச் சுவைப்பில், மான்டே பெல்லோவின் 1971ஆம் ஆண்டு மது, செம்மதுக்கள் பத்தனுள் ஐந்தாம் இடமே பெற்றது. முப்பதாண்டுகள் கழித்து, 2006இல், அதே மதுக்களை மீண்டும் சுவைத்தபோது அது முதலிடம் பெற்றது. மெல்லக் கனிந்ததன் பயன் அன்றுதான் முழுமையாக விளங்கிற்று.

1981இல் அமெரிக்க அரசு இப்பகுதியைத் தனித் திராட்சை வட்டாரமாக ஏற்றது. அதன் எல்லையை மாவட்டக் கோடுகளால் வகுக்கவில்லை. மூடுபனி ஏறும் உயரத்தைத் தழுவி, கடற்புறத்தில் 400 அடியும் கீழ்ப்புறத்தில் 800 அடியும் என வகுத்தது.

கிழக்கே, மலையடியில் பரந்திருந்த சான்டா கிளாராப் பள்ளத்தாக்கின் பழத்தோட்டங்கள் மறைந்து, மின்னணுத் தொழிற்கூடங்களும் வீடுகளும் எழுந்துவிட்டன. மேலே ஏறத்தாழ 1,500 ஏக்கர் அளவில், சிறு சிறு துண்டுகளாகத் திராட்சை நிலைத்திருக்கிறது. சமவெளியின் வளம் அதன் தோட்டங்களைக் காக்கவில்லை. மலையின் கடுமையோ தன் தோட்டங்களைச் சிறியனவாக வைத்தது. அவற்றுக்குத் தனிச்சுவையையும் தந்தது. அச்சுவையைக் காப்பது, அதற்காகக் காத்திருக்க மனமுள்ள உழவரின் கையில் இருக்கிறது.