முழங்கால் நேராக்க அறுவையில் தனிப்பயன் வழிகாட்டிகள்

மூட்டுத் தேய்மானத்துக்காகக் கால் எலும்பை அறுத்து நேராக்கும் சிகிச்சையில், எந்த இடத்தில், எந்தக் கோணத்தில், எவ்வளவு ஆழம் அறுப்பது என்பதை வரையறுத்துத் தரும் கருவியே தனிப்பயன் அறுவை வழிகாட்டி. ஒரு நோயாளியின் எலும்புக்கென்றே செய்யப்படுவதால் இது இன்னொருவருக்குப் பொருந்தாது.

அறுவையின் அடிப்படை

இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு வரையும் கோடு, நேரான காலில் முழங்காலின் நடுவை ஒட்டிச் செல்லும். கால் வில்லாக வளைந்தவர்களுக்கு அது உட்புறம் விலகுவதால், சுமை அங்கே குவிந்து குருத்தெலும்பு தேய்கிறது. டிபியா எனப்படும் கால் முன்னெலும்பின் மேற்பகுதியை அறுத்துக் கோட்டை வெளிப்புறம் நகர்த்தினால் வலி குறையும். மூட்டு மாற்று அறுவையும் தள்ளிப்போகும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மார்க் கவென்ட்ரி 1965இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இம்முறை பரவியது. மூட்டு அகலத்தில் உள்விளிம்பிலிருந்து சுமார் 62 விழுக்காட்டுத் தொலைவில் உள்ள ‘ஃபுஜிசாவா புள்ளி’ வழியே கோட்டைக் கொண்டுசெல்வது நெடுநாள் வழக்கம். திருத்தம் குறைந்தால் வலி நீடிக்கும். மிகுந்தால் நல்ல நிலையிலுள்ள வெளிப்பகுதியும் தேயும்.

தயாரிப்பும் பயன்பாடும்

நின்ற நிலையில் எடுத்த முழுக்கால் எக்ஸ்ரேயையும் சி.டி. ஸ்கேனையும் கொண்டு கணினியில் அறுவை முன்கூட்டியே நிகழ்த்திப் பார்க்கப்படுகிறது. அதன்படி வழிகாட்டி நைலானிலோ டைட்டானியத்திலோ முப்பரிமாண முறையில் அச்சிடப்படுகிறது. அதன் அடிப்பரப்பு எலும்பின் மேடுபள்ளங்களோடு கச்சிதமாகப் பொருந்தும். கம்பிகளால் அதை நிலைநிறுத்தி, அதிலுள்ள பிளவின் வழியே ரம்பத்தைச் செலுத்துவார்கள். வெளிப்புறத்தில் சுமார் 1 செ.மீ. எலும்பு கீல்போல விடப்படும். பிறகு வெட்டை மெல்ல விரித்து, தகடும் திருகுகளும் பொருத்தப்படும். பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘டோகா’ முறையில் தகடும் நோயாளிக்கேற்ப அச்சிடப்படுகிறது. இத்தாலியின் பொலோன்யாவிலுள்ள ரிட்சோலி நிறுவனத்தில் அது நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது.

பயனும் வரம்பும்

திருத்தக் கோணம் திட்டத்தோடு நெருங்கி அமைவதும், அறுவையின்போது எக்ஸ்ரே பார்க்கும் தேவை குறைவதும் முக்கியப் பயன்கள். ஆனால் ஸ்கேனின் கதிர்வீச்சும் கூடுதல் செலவும் தயாரிப்புக்கான காத்திருப்பும் உண்டு. எலும்பின் மேல் சிறிது தசை ஒட்டியிருந்தாலும் வழிகாட்டி சரியாக அமராது. அப்போது வெட்டே திசைமாறும். தசைநார்களின் தளர்வையும் சி.டி. ஸ்கேன் அளந்து சொல்லாது. எனவே வழிகாட்டி அமர்ந்த விதத்தையும் திருத்தத்தின் அளவையும் மருத்துவர் தாமே சரிபார்ப்பது இன்றியமையாதது.