நால்வர் சுமந்த படுக்கை



மாற்கு 2-ஆம் அதிகாரத்தில் வரும் திமிர்வாதக்காரனை நால்வர் ஆண்டவரிடம் சுமந்து வந்தனர். வழி அடைபட்டபோது வீட்டின் கூரையையே பிரித்தனர். ஆண்டவர் அந்த நால்வரின் விசுவாசத்தையும் நோக்கினார் என்று சுவிசேஷகன் பதிவு செய்கிறார். போதைக்கு அடிமைப்பட்டோரிடையே நடந்த ஊழியத்தின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இந்த நால்வரே என் நினைவுக்கு வருகின்றனர்.

1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியிலிருந்து மீண்டுகொண்டிருந்த பில் வில்சன், குடியினால் நிலைகுலைந்திருந்த மருத்துவர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் கூட்டுறவு அச்சந்திப்பில் பிறந்தது. இருவரும் அக்காலத்தில் ஆக்ஸ்போர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்துடன் தொடர்புடையவர்கள். அந்தக் கோடையில் வில்சன் ஸ்மித் குடும்பத்தாரின் இல்லத்திலேயே தங்கினார். ஸ்மித்தின் மனைவி ஆன், காலைதோறும் அவ்விருவருக்கும் வேதம் வாசித்தார். பின்னர், குடியை விட விரும்பிய வேறு பலருக்கும் அவ்வீட்டில் இடம் கிடைத்தது. உலகெங்கும் பரவிய ஓர் இயக்கம் ஒரு குடும்பத்தின் திறந்த கதவிலிருந்து தொடங்கிற்று.

நம் ஸ்ரீபெரும்புதூர் வழியாகச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே பயணித்தால் வேலூரை அடைகிறோம். அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் பாகாயத்தில் மனநல மையத்தைத் தொடங்கியது. அதற்கு வித்திட்டவர் கனடாவிலிருந்து வந்த மிஷனரி மருத்துவர் ஃபுளோரன்ஸ் நிக்கோல்ஸ். மனநோயாளிகளை உறவினரிடமிருந்து பிரித்துப் பூட்டி வைப்பது வழக்கமாயிருந்த காலம் அது. பாகாயத்திலோ, குடும்பத்தினர் ஒருவர் நோயாளியுடன் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுக்கும் முறை வேரூன்றியது.

1980-இல் சென்னையில் சாந்தி ரங்கநாதன் அம்மையார், குடிநோயால் கணவரை இழந்த துயரத்திலிருந்து டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். அதன் மருத்துவமனையில் நோயாளிக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்தாருக்கும் ஆலோசனை அளிக்கப்படுகிறது. அவர் நம் விசுவாசத்தைச் சார்ந்தவர் அல்லர். ஆயினும் காயப்பட்டவனைக் கண்டு கடந்து போகாத அவரிடமிருந்து சபை கற்க வேண்டியது மிகுதி.

இம்மூன்று இடங்களும் நமக்கு ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன. போதை ஒருவனைத் தனிமைப்படுத்துகிறது; மீட்சிக்கோ உடன் தங்கும் மனிதர் தேவை.

அப்படியானால் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் என்ன செய்வோம்? தென்மாவட்டங்களிலிருந்தும் ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் வாடகை அறைகளில் நெருங்கி வாழ்கின்றனர். இரவு ஷிப்ட் முடித்துத் திரும்பும் அவர்களுக்குக் கதவு திறக்க யாருமில்லை. மது, கஞ்சா, மாத்திரை ஆகியவற்றில் சிலர் சிக்குகின்றனர். பாகாயத்தில் மகனுடன் தங்கத் தாய் வருகிறாள். இங்கே தாய் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறாள்.

ஒன்றை அறிக்கையிட விரும்புகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஆராதனை முடிந்தபின் ஓர் இளைஞன் நடுங்கும் கைகளுடன் என்னிடம் வந்தான். ஜெபித்து, ஒரு மருத்துவமனையின் முகவரியை எழுதிக்கொடுத்து அனுப்பினேன். அவனோடு நான் போகவில்லை. இரண்டு வாரம் கழித்து விசாரித்தபோது அவன் அறையில் வேறொருவர் குடியிருந்தார். முகவரி கொடுத்தேன், படுக்கையின் ஒரு மூலையையும் நான் தூக்கவில்லை.

ஆகவே, சபையாரே, நால்வராய் இணைவோம். நீண்டநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு நேரிடலாம்; உயிருக்கும் ஆபத்துண்டு. எனவே ஒருவர் அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் கிடைக்கும். ஒருவர் ஊரிலுள்ள அவர் குடும்பத்தாருடன், அவருடைய சம்மதத்தோடு பேசட்டும். ஒருவர் ஞாயிறு மதிய உணவுக்குத் தம் வீட்டில் ஒரு இலையைக் கூடுதலாகப் போடட்டும். ஒருவர், அவர் மீண்டும் விழுந்த நாளில், கடிந்துகொள்ளாமல் அவரது கதவைத் தட்டட்டும். கேட்டதை நால்வரும் வெளியே பேசாதிருப்பார்களாக.

கூரையைப் பிரிக்கத் துணிந்த அன்பை ஆண்டவர் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.