பெருந்தொற்றுத் திட்டமிடலில் மக்கள் பங்கேற்பு: வளைகுடா நாடுகளின் 2020ஆம் ஆண்டுப் பட்டறிவு

பெருந்தொற்று குறித்த ஆய்வுகளில் ‘மக்கள் பங்கேற்பு’ என்னும் தொடர் இரு பொருளில் ஆளப்படுகிறது. வகுக்கப்பட்ட திட்டத்திற்கு ஒத்துழைத்தல் ஒன்று. திட்டம் வகுப்பதிலேயே பங்குகொள்ளுதல் மற்றொன்று. இன்புளுவென்சா பெருந்தொற்று நேரின் தடுப்பூசியை முதலில் யாருக்கு வழங்குவது என்பதை அமெரிக்காவில் 2005இல் பொதுமக்களும் துறைசார்ந்தோரும் கூடி ஆய்ந்தனர். சமூகத்தின் இன்றியமையாப் பணிகள் தடைப்படாமல் காப்பதே முதல் நோக்கம் என்றனர். இது இரண்டாம் பொருளுக்குச் சான்று. மக்கள்தொகையில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கினர் அயல்நாட்டினராக வாழும் ஐக்கிய அரபு அமீரகத்தில் பங்கேற்பு எப்பொருளில் நிகழ்ந்தது?

அமீரகத்தில் முதல் கொரோனாத் தொற்று 2020 ஜனவரி 29 அன்று அறிவிக்கப்பட்டது. நெருக்கடி மேலாண்மைக்கான தேசிய ஆணையம் 2007 முதலே அங்கு இயங்கிவந்தது. மார்ச் 17இல் கத்தார், தொழிலாளர் செறிந்த தோகா தொழிற்பேட்டையின் ஒரு பகுதியை அடைத்தது. மார்ச் இறுதியில் துபாயின் அல் ராஸ் பகுதி அடைக்கப்பட்டது. அடைப்புக் காலத்தில் புலம்பெயர் சமூக அமைப்புகளின் தன்னார்வலர் உணவும் மருந்தும் கொண்டுசேர்த்தனர். ஜூலையில் அபுதாபியில் சினோபார்ம் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனை தொடங்கியது. 125 நாட்டினத்தைச் சேர்ந்த 31,000 தன்னார்வலர் அதில் பங்குகொண்டனர். டிசம்பர் 9 அன்று அத்தடுப்பூசி அமீரகத்தில் பதிவுபெற்றது.

இவை முதற்பொருளில் அமைந்த அரிய பங்கேற்புகள். இரண்டாம் பொருளுக்கோ வழியே இல்லை. அமீரகத்தில் தொழிற்சங்கம் அமைக்க இசைவில்லை. எனவே தொழிலாளர் முகாமின் குரல் திட்டமிடுவோரைச் சென்றடையும் முறையான வாயில் இல்லை. ‘விலகியிருங்கள், தனித்திருங்கள்’ என்னும் அறிவுரை தனியறை உடையோருக்கே பொருந்தும். அடுக்குக் கட்டில்களில் பலர் உறங்கும் அறையில் அது பொருளிழக்கிறது. முகாமில் வாழ்வோர் ஒருவரை முன்பே கேட்டிருந்தால் இக்குறை திட்ட நிலையிலேயே புலப்பட்டிருக்கும். ஏப்ரல் இறுதியில் இந்தியத் தூதரகம் தாயகம் திரும்ப விரும்புவோரைப் பதிவு செய்யத் தொடங்கியதும், சில நாள்களிலேயே ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பதிந்தனர். அவர்தம் கருத்தைப் பதிவுசெய்த முதற்பெரும் ஏடு அதுவெனலாம்.

வருங்கால இன்புளுவென்சாத் திட்டங்கள் இந்த ஏட்டிலிருந்து தொடங்குதல் வேண்டும். தமிழ் உள்ளிட்ட தொழிலாளர் மொழிகளில் அறிவிப்பு வெளியிடுதல் மட்டும் போதாது. அம்மொழிகளில் முன்கூட்டியே வினவுதலும் வேண்டும். சோதனைக்குக் கை நீட்டியோர்க்குத் திட்டத்தில் கருத்துரைக்கும் உரிமையும் உண்டு.