திருகோணமலைத் துறைமுகமும் பழைய கைமணிக்கூடுகளும்

யுத்த காலத்தில் திருகோணமலையிலே சூரியன் ஏறக்குறைய ஏழு மணிக்கு உதித்தது என்றால் இன்றைய இளைஞர் நகைப்பர். மணிக்கூடு அவ்வாறுதான் காட்டிற்று. 1906 முதல் இலங்கை நேரம் கிரீனிச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியிருந்தது. 1942 ஜனவரியில் அரசினர் அதனை அரை மணி முன்னே தள்ளினர். செப்ரெம்பரில் இன்னும் அரை மணி. பழைய நேரம் மீண்டது 1945 ஒக்ரோபரிலேயாம். அம்மூன்று ஆண்டும் முள்ளை நம்பி இராகுகாலம் பார்ப்பது எங்ஙனம்? திங்கட்கிழமை ஏழரைக்குத் தொடங்குவது எட்டரை ஆகிவிட்டதன்றோ! உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய பெரியோருக்கு இத்தொல்லை இல்லை. 24 நிமிடம் ஒரு நாழிகை, இரண்டரை நாழிகை ஒரு மணி. எந்தச் சட்டத்துக்கும் அது அசையாது.

1942 ஏப்ரில் 9 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் தாக்கிய இத்துறைமுகத்தில் நேரம் என்பது வழிகாட்டும் கண்ணாகும். நேரத்தில் நான்கு விநாடி பிழைத்தால் பூமத்தியரேகைக்கு அண்மையில் கப்பலின் இடம் ஒரு கடல்மைல் பிழைக்கும். அதற்கெனக் கப்பலில் குரோனோமீற்றர் பெட்டியுள் இருந்தது. கையிற் கட்டும் மணிக்கூடோ 1914-18 யுத்தத்துக்கு முன் பெண்களின் அணி என்றே எண்ணப்பட்டது. பதுங்குகுழியில் சட்டைப்பையைத் துழாவ நேரமில்லாத போர்வீரரே அதனை ஆண்களுக்கும் உரியதாக்கினர்.

இரண்டாம் யுத்தத்தின் முடிவில் பிரித்தானிய அரசு ஒரே விதிப்படி பன்னிரண்டு சுவிஸ் நிறுவனங்களிடம் இராணுவ மணிக்கூடு செய்வித்தது. கறுத்த முகப்பு, ஒளிரும் முள், நீர்புகாத கூடு, பின்மூடியில் அம்புக்குறியும் மூன்று ‘டபிள்யூ’ எழுத்தும். ஒமேகா முதலியன எளிதிற் கிடைக்கும். ‘கிரானா’ என்பது மிக அரிது. பன்னிரண்டையும் சேர்ப்பதே சிலருக்கு வாழ்நாள் விரதம்!

1957 ஒக்ரோபரில் பிரித்தானியக் கடற்படை இத்தளத்தை இலங்கையிடம் கையளித்தது. அதற்கு முந்திய ஆண்டில் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையடியில் மூழ்கிக் கோணேசர் ஆலயத்தின் சிதைவுகளைக் கண்டனர். மூழ்குவோர்க்கென விளிம்பு சுழலும் மணிக்கூடுகள் 1953 அளவில் தோன்றியிருந்தன. நீரினுள் கழிந்த நிமிடங்களை அவ்விளிம்பு காட்டும்.

1969 டிசம்பரில் யப்பானின் ‘சீக்கோ’ குவார்ட்ஸ் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட, நாளும் முறுக்கும் மணிக்கூடுகள் மெல்ல அலுமாரிக்குள் ஒதுங்கின. 1961 இல் பெங்களூரில் கைமணிக்கூடு செய்யத் தொடங்கிய எச்.எம்.ரி. நிறுவனமும் அத்தொழிலை 2016 இல் மூடிவிட்டது.

உங்கள் பாட்டனாரின் மணிக்கூடு வீட்டிற் கிடக்குமாயின், இளைஞர்களே, இரண்டைக் கவனியுங்கள். எண்ணெய் உலர்ந்ததை வலிந்து முறுக்கினால் அச்சு தேயும். திருத்துபவரிடம் முதலிற் காட்டுக. யுத்தகால முகப்பின் ஒளிப்பூச்சைச் சுரண்டாதீர்கள். ஒளி மங்கினாலும் அதிலுள்ள ரேடியம் அழியவில்லை. பாதியாகக் குறையவே அதற்கு 1,600 ஆண்டு வேண்டும். மங்கிய முகப்புக்குப் புதுப்பூச்சுப் பூசுவிப்பதும் பெருந்தவறென்பேன். சேகரிப்போர் அதனை விரும்பார்.

விலையை விசாரிக்குமுன், யார் வாங்கினார், எந்த வேலைக்குக் கட்டினார் என்று வீட்டுப் பெரியோரைக் கேட்டு எழுதிவையுங்கள்; அவர் போனபின் கேட்க ஆளில்லை. பின்மூடியைத் திறக்கும்போது உட்புறத்தை உற்றுப் பாருங்கள். பழைய திருத்துநர் பலர் தம் குறியையும் நாளையும் ஊசியால் அங்கே கீறி வைப்பது வழக்கம். மினுக்குவதற்கென்று அதனைத் தேய்க்க விடாதீர்கள்.