யார் முதலில் ஏறுவது?

நம்ம மூணாறு, சித்தூர் பக்கத் தமிழ்வழிப் பள்ளிகளில் பிள்ளைகள் பழகுவது லினக்ஸ். 2001ல் தொடங்கிய கேரளாவின் 'ஐடி அட் ஸ்கூல்' பிற்பாடு கட்டற்ற மென்பொருளுக்கு மாறியதால் வந்த பலன்.

அதற்குள்ளே ஒரு சரித்திரம் இருக்கிறது. கெர்னலின் பகுதிகளைத் தனித்தனி மாட்யூல்களாக ஏற்றும் வசதி 1995ல் லினக்ஸ் 1.2வுடன் வந்தது. சிக்கலும் கூடவே வந்தது. விண்டோஸ் பென் டிரைவைப் படிக்கும் 'விஃபேட்' ஏற, 'ஃபேட்' முன்பே ஏறியிருக்க வேண்டும். 'இன்ஸ்மாட்' கட்டளைக்கு அந்த வரிசை தெரியாது. ஆசிரியர்தான் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்! 'டெப்மாட்' யாருக்கு யார் தேவை என்று பட்டியல் எழுத, 'மாட்புரோப்' அதைப் பார்த்து ஏற்றியது. பிழைத்தோம்.

கழற்றும்போதும் அப்படித்தான். விஃபேட் இருக்கும்வரை ஃபேட் நகராது. வைப்புத்தொகையின் மேல் கடன் நிற்கையில் நாங்கள் பணத்தைத் திருப்பித் தருவோமா என்ன?

2003 டிசம்பரில் வந்த 2.6ல், ரஸ்டி ரஸ்ஸல் கைவண்ணத்தில், மாட்யூலை இணைக்கும் வேலை கெர்னலுக்குள்ளேயே போனது. டெப்மாட் பட்டியல் மட்டும் இன்னமும் வெளியேதான்.